யார் முறைக்கு வந்த கடிதம்?

இந்தத் தொழிலில் நான் செய்த தவறுகளில் பெரியது எது என்று யாராவது கேட்டால், ஓர் அம்மாவிடம் போனில் ஆறு எண் கேட்டு வாங்கியதுதான் என்பேன். வாங்குவதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. அதைச் சரிசெய்ய ஆடி போய் ஆவணி வந்துவிட்டது.

சித்தூரில் கோர்ட்டுக்குப் பின்பக்கம் ஒரு மாடி அறையில் முப்பத்தைந்து வருடம் வருமான வரி ஆலோசகனாக உட்கார்ந்திருந்தேன். இப்போது மேசையைக் காலி செய்தாகிவிட்டது. அந்த அறையில் ஒரு ஜெராக்ஸ் கடை நன்றாக ஓடுவதாகக் கேள்வி. புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லாம் என்னைவிட நன்றாகப் படித்தவர்கள். எந்தப் பிரிவு, எந்தப் படிவம் என்று உங்களுக்கு நான் சொல்லப் போவது அதிகப்பிரசங்கித்தனம். மனு எப்படி எழுதினேன், வட்டியை எப்படிக் குறைக்கக் கேட்டேன் என்பதையும் தாண்டிப் போய்விடுகிறேன். கோப்பில் இல்லாத பகுதியை மட்டும் சொல்கிறேன்.

நகரியில் ஒரு விசைத்தறிக் குடும்பம். அவர்களில் பழைய தலைமுறைக்காரர் ஒருவர் கொஞ்சம் காசு பார்த்ததும் திருப்பதியில் மனை வாங்கிக் கட்டடம் எழுப்பி, அதை ஒரு டிரஸ்டாக எழுதி வைத்தார். புரட்டாசி மாதம் நம் ஜனங்கள் நகரி, புத்தூர் வழியாக நடந்தே மலைக்குப் போவார்கள் அல்லவா, அவர்களுக்குப் படுக்க இடம், சனிக்கிழமை சனிக்கிழமை சாப்பாடு. பத்திரத்தில் எழுதியிருந்த நோக்கம் அவ்வளவுதான். கட்டடத்தின் முன்னால் மூன்று கடைகள். அந்த வாடகையில் சோறு போட வேண்டும்.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். அவர்கள் டிரஸ்டை முறை வைத்து நடத்தினார்கள். ஒரு வருடம் மூத்தவர் வீடு, மறு வருடம் இளையவர் வீடு. முறைக்காரர் கையில் சாவி இருக்கும். அந்த வருட வாடகை முழுவதும் அவரே வாங்கிக்கொள்வார். சாப்பாட்டுச் செலவும் அவருடையது. குறைந்தால் கைக்காசு போட வேண்டும், மிஞ்சினால் எடுத்துக்கொள்ளலாம். கடைசிச் சனிக்கிழமைக்கு மறுநாள் இரண்டு வீட்டாரும் திருப்பதியில் கூடுவார்கள். ஒரு நீள நோட்டில் முறைக்காரர் தன் வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டு, பக்கத்தின் ஓரத்தில் மஞ்சள் தடவி, நோட்டையும் சாவியையும் அடுத்த வீட்டாரிடம் கொடுப்பார். ஆரம்பத்தில் வாடகை அரிசிக்கே பற்றாது. பிறகு திருப்பதியில் கடை வாடகை எங்கே போய் நின்றது என்று உங்களுக்கே தெரியும். சோறு போட்டது போக நல்ல மீதி நிற்க ஆரம்பித்தது.

இத்தனை வருடத்தில் ஒருவரும் வரி கட்டவில்லை. சுவாமி காசுக்கு ஏது வரி என்று ஒரு நினைப்பு. அப்படியே இருந்தாலும் அது போன வருட முறைக்காரர் பாடு என்று இன்னொரு நினைப்பு. தர்ம டிரஸ்ட் என்று பதிவு செய்து விலக்கு வாங்கவும் இல்லை. வாங்கியிருந்தாலும், மீதியை வீட்டுக்கு எடுத்துப் போகிற இடத்தில் அது நின்றிருக்காது. ஏமாற்ற வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொறுப்பு வருடா வருடம் கை மாறுகிற இடத்தில் அது யார் கையிலும் தங்குவதில்லை.

ஓர் ஆடி மாதத்தில் முனிரத்தினம் என் அறைக்கு வந்தார். டிரஸ்ட் எழுதியவருக்கு மூத்த பிள்ளை வழிப் பேரன். நகரியில் பன்னிரண்டு தறியும் ஒரு துணிக்கடையும் வைத்திருந்தார். அவருடைய சொந்தக் கணக்கு பல வருடமாக என்னிடம்தான். நெற்றி நிறைய நாமமும், கையில் பேங்க் கொடுத்த ஒரு தாளுமாக நின்றார்.

"வாடக செக்கு போடலாம்னு போனா, டிரஸ்ட் அக்கவுண்ட்ட புடிச்சி வச்சிக்கீறாங்க சார். இன்கம்டாக்ஸ்ல சொல்லிக்கீறாங்களாம். எங்களுக்கு ஒண்ணுமே தெரியாது சார்."

முன்கடையில் இருந்த டிராவல்ஸ்காரர்கள் வாடகையில் வரி பிடித்து டிரஸ்டின் பான் எண்ணில் கட்டிக்கொண்டே வந்திருந்தார்கள். அதிலிருந்து வருமான வரித் துறை வாடகையைக் கண்டுபிடித்து, கணக்குத் தாக்கல் செய்யாத வருடங்களுக்குத் தானே வரி போட்டுவிட்டது. அந்த நிலைக்கு வருவதற்குள் எத்தனையோ கடிதம் வந்திருக்க வேண்டும். எங்கே என்று கேட்டேன்.

"வந்துருக்கும் சார். அதெல்லாம் சுவாமியாண்ட கீது."

விளக்கமாகக் கேட்டபோதுதான் புரிந்தது. டிரஸ்டின் பெயர் சுவாமி பெயரில் ஆரம்பிக்கிறது. அந்தப் பெயருக்கு வருகிற கடிதம் சுவாமிக்கு வந்ததாக அவர்கள் வீட்டு வழக்கம். திருப்பதிக் கட்டடத்தின் முன் அறையில் மஞ்சள் துணி கட்டிய ஒரு காணிக்கை உண்டி இருக்கிறது. தபால்காரர் கொடுப்பதை வாட்ச்மேன் வாங்கி, உறையின் மூலையில் குங்குமம் வைத்து உண்டியில் போட்டுவிடுவார். உண்டியை வருடத்துக்கு ஒரு தடவை, முறை மாறுகிற அன்று திறப்பார்கள். காசை எண்ணி எடுத்துவிட்டு, கடிதங்களைக் கண்ணில் ஒற்றி மறுபடி உள்ளேயே போட்டுவிடுவார்கள். வருமான வரித் துறையின் எச்சரிக்கைகளுக்கு இந்த நாட்டில் வேறு எங்கும் அப்படி ஒரு மரியாதை கிடைத்திருக்காது.

சிரிக்க நேரம் இல்லை. நான்கு நாளுக்குள் பதில் போகாவிட்டால் அடுத்த நடவடிக்கை. இணையதளத்தில் டிரஸ்டின் கணக்கைத் திறக்க, பொறுப்பாளர் என்று ஓர் ஆளைக் காட்டியாக வேண்டும். அவருடைய பான், ஆதார், போனுக்கு வருகிற ஓடிபி எல்லாம் கேட்கும். இப்போது முறை யாருடையது என்று கேட்டேன்.

"எங்க சித்தப்பா பொண்ணு, தேசம்மா. சாவி, நோட்டு எல்லாம் அவளாண்டதான் கீது, பேங்க்கு வேல மட்டும் நான் பாத்துக்கறேன். ஆதாரு, பானு நானே வாங்கியாந்துக்கீறேன் சார்" என்று இரண்டு ஜெராக்ஸை மேசைமேல் வைத்தார்.

அந்த ஜெராக்ஸைப் பார்த்தபோதே நான் யோசித்திருக்க வேண்டும். தனக்கு ஒன்றுமே தெரியாது என்கிற மனிதர், அடுத்த வீட்டுப் பெண்ணின் தாள்களைத் தயாராக எடுத்து வந்திருக்கிறார். நான் நான்கு நாளைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். போன் போட்டேன். எடுத்ததும் தறிச் சத்தம் காதை அடைத்தது.

"அம்மா, உங்க போனுக்கு ஆறு நம்பர் வந்திருக்கும். சொல்லுங்க."

"இது இன்னாத்துக்கு சார்?"

"இந்த வருஷம் உங்க முறைதானே, அதுக்குத்தான்."

அந்தப் பதிலில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்த அம்மா தெரிந்துகொள்ள வேண்டியதும் அதில் எதுவும் இல்லை. அவர் தறியை நிறுத்திவிட்டு, "எங்க முறைதான் சார், எங்க முறைதான்" என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு ஒவ்வோர் எண்ணாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அன்று மாலையே டிரஸ்டின் பொறுப்பாளர் தேசம்மாள் என்று பதிவாகி, அவர் பெயரில் அவகாசம் கேட்டு மனு போய்விட்டது. காரியம் முடிந்தது என்று காபி குடிக்கப் போனேன்.

அடுத்த வாரம் அந்த அம்மாவே நேரில் வந்தார். ஐம்பது வயது இருக்கும். வீட்டிலேயே இரண்டு தறி போட்டுக் கூலிக்கு நெய்கிறவர், கணவர் இல்லை. புத்தூரில் பஸ் மாறி வந்திருந்தார். தன் தறியில் நெய்த இரண்டு துண்டுகளை மேசைமேல் வைத்தார். வேண்டாம் என்றேன். "சும்மா வச்சிக்கோங்க சார்" என்றார். இடுப்பில் சாவிக்கொத்து தெரிந்தது.

"எங்க நைனா போனதுக்கப்புறம் முறை எங்க வூட்டுக்கு வர்ல சார். பொம்பளைக்கி இன்னா முறைன்னுட்டாங்க. பன்னண்டு வருசமா ஒவ்வொரு புரட்டாசிக்கும் போய்க்கினுதான் இருக்கேன், பந்தில நின்னு சோறு போடுவேன், எல எடுப்பேன், வந்துடுவேன். இந்த வருசம் அண்ணனே வூடு தேடி வந்து சாவிய கையில குடுத்தாரு. எங்க நைனா பேர சொல்லி ஒரே ஒரு தபா சோறு போட்டுட்டா போதும் சார்."

"எப்போ கொடுத்தாரு அம்மா?"

"சித்திரைல."

புரட்டாசியில் கை மாற வேண்டிய சாவி சித்திரையில் மாறியிருக்கிறது. பன்னிரண்டு வருடம் கொடுக்காதவர் பாதி வருடத்தில் வீடு தேடிப் போய்க் கொடுத்திருக்கிறார். ஏன் என்று அங்கேயே கேட்டிருக்கலாம். ஆனால் அந்த அம்மாவின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் வாயைத் திறக்க மனம் வரவில்லை. பழைய நோட்டீஸ்கள் வேண்டும், நாளை மறுநாள் திருப்பதியில் உண்டியைத் திறக்க முடியுமா என்று மட்டும் கேட்டேன். முறை மாறுகிற நாள் இல்லையே என்று கொஞ்சம் தயங்கினார். பிறகு, "முறைக்காரி நான்தான், தொறக்கறேன் வாங்க" என்றார்.

உண்டிக்குள் ஒரு கூடை கடிதம் இருந்தது. எல்லாவற்றிலும் குங்குமம், பழையவற்றில் கறுத்துப் போயிருந்தது. பிரிக்காத உறைகளைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டே வந்தேன். ஒன்று மட்டும் கையில் வேறு மாதிரி பட்டது. ஒட்டிய இடம் மொடமொடவென்று இருந்தது. யாரோ பிரித்துப் பார்த்துவிட்டுச் சோற்றுப் பசை வைத்து மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். மேலே இருந்த தபால் முத்திரை பங்குனி மாதத்து நாளைக் காட்டியது. உள்ளே இருந்தது, கட்டாவிட்டால் பொறுப்பாளரிடமிருந்து வசூலிக்கப்படும் என்கிற கடைசிக் கடிதம். பங்குனியில் சாவி யாரிடம் இருந்தது என்று கேட்கத் தேவையில்லை.

தேசம்மாள் காசைத் துணியில் முடிந்துகொண்டிருந்தார். அந்த உறையை மட்டும் என் பைக்குள் போட்டுக்கொண்டேன். குடும்பச் சண்டை நமக்கு எதற்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முதல் தவறு அவசரத்தில் நடந்தது. இது நிதானமாக யோசித்துச் செய்தது.

முனிரத்தினத்தைச் சித்தூருக்கு வரச் சொன்னேன். உறையை மேசைமேல் வைத்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. மறுக்கவில்லை.

"பசங்களுக்குப் புதுசா ஷெட்டு போட்றதுக்கு லோனு கேட்டுக்கீறேன் சார். என் பேருல ஒரு நோட்டீசு வந்துச்சின்னா பேங்க்காரன் குடுப்பானா? அவளுக்கு ஒண்ணும் ஆவாது சார். அவளாண்ட எடுத்துக்கினு போறதுக்கு இன்னா கீது?"

தேசம்மாளிடம் இரண்டு தறியும், அவை நிற்கிற வீடும் இருக்கின்றன. நெசவுக் கூலி வந்து விழுகிற ஒரு பேங்க் கணக்கு இருக்கிறது. டிரஸ்டின் பாக்கிக்கு அந்த அம்மாவின் சொந்தச் சொத்தைத் தொடக்கூடாது என்று வாதாடலாம், நான் வாதாடியிருப்பேன். ஆனால் வாதாடி முடிப்பதற்குள் அந்தக் கணக்கு முடங்கினால், வாரக் கூலி நின்றுபோகும். இதை முனிரத்தினத்திடம் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் கோபம் வந்தது. அதில் பாதிதான் அவர்மேல். பேரைப் பதிவு செய்தது என் கை. விசாரணை அன்று நீங்களும் திருப்பதிக்கு வர வேண்டும், வராவிட்டால் உங்கள் சொந்தக் கணக்கை வேறு ஆளிடம் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்றேன். கட்டணம் தருகிறவரிடம் அப்படிப் பேசியது எனக்கே புதிது.

விசாரணை ஆவணியில் வந்தது. நான் சித்தூரிலிருந்து பாசஞ்சர் ரயில் பிடித்தேன். பாகாலாவில் வண்டி வழக்கம்போல நின்றுகொண்டது. அங்கே உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன்: 'சொந்தக் காரணங்களால் டிரஸ்ட் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன், இனி எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.' கீழே தேசம்மாள் கையெழுத்துக்கு இடம் விட்டேன். நன்றாக வந்திருந்தது. செய்த தவறை அழகாகத் துடைத்துவிட்டோம் என்ற திருப்தியில் ஒரு தோசைகூடச் சாப்பிட்டேன்.

திருப்பதி வரி அலுவலக வராந்தாவில் அந்த அம்மா முன்னமே வந்து நின்றுகொண்டிருந்தார். கையில் மஞ்சள் துணியில் சுற்றிய முறை நோட்டு. சற்றுத் தள்ளி முனிரத்தினம் தூணோரமாக நின்றார். எங்கள் பெயரைக் கூப்பிட இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. நான் அந்த அம்மாவைத் தனியாக அழைத்துப் போய், அன்று போனில் வாங்கிய ஆறு எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பதை முதல் தடவையாகச் சொன்னேன். வீடு, தறி, பேங்க் கணக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ஒட்டிய உறையைப் பற்றியும் சொன்னேன்.

"தெரியும் சார்" என்றார்.

"என்னம்மா தெரியும்?"

"நீங்க ஒண்ண மட்டும் பையில வச்சிக்கினீங்களே, பாத்துக்கினுதான இருந்தேன். அது மட்டுமா? பன்னண்டு வருசம் குடுக்காத மனுசன் சும்மா குடுப்பாரான்னு சித்திரைலியே தோணிச்சி. இன்னான்னு தெரியல, ஆனா இன்னாவோ கீதுன்னு தெரியும்."

"தெரிஞ்சுமா வாங்கினீங்க?"

"வேற எப்ப குடுப்பாங்க சார்?"

விலகல் கடிதத்தை எடுத்து நீட்டினேன். இதில் கையெழுத்துப் போட்டால் இதற்கு மேல் வருகிற வில்லங்கம் எதுவும் உங்களிடம் வராது, அதற்கு நான் பொறுப்பு என்றேன். வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இதப் போட்டுட்டா நோட்டுல என் பேரு எழுதுவாங்களா?"

"எழுத மாட்டாங்கம்மா. முறையே இல்லைன்னு ஆயிடும்."

"அப்ப இன்னாத்துக்கு சார் எழுதினீங்க? என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா?"

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. எனக்குப் பளார் என்று விழுந்தது போல இருந்தது. போனில் அந்த அம்மாவைக் கேட்காமல் உள்ளே தள்ளினேன். ரயிலில் உட்கார்ந்து, கேட்காமலே வெளியே இழுக்கப் பார்த்தேன். இரண்டு தடவையும் அவருக்கு நல்லது எது என்று நானே முடிவு செய்துவிட்டேன். வெட்கமாக இருந்தது, அதை அங்கேயே அவரிடம் சொன்னேன். கடிதத்தை நான்காக மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"என் வருசத்துக்கு நான் கட்டறேன் சார். அவரு வருசத்துக்கு அவரு கட்டட்டும். இதுல கஷ்டம் இன்னா கீது?"

சட்டம் அவ்வளவு எளிது இல்லை. டிரஸ்ட் ஒன்றுதான், பாக்கியும் ஒன்றுதான், இந்த வருடம் அந்த வருடம் என்று ஆள் ஆளுக்குப் பிரித்துக் கட்டச் சட்டத்தில் இடம் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அதிகாரி என் மகனைவிட இளையவர். முகத்தில் சிடுசிடுப்பும் இல்லை, சிரிப்பும் இல்லை. கோப்பைப் புரட்டிவிட்டுத் தெலுங்கில், மேனேஜிங் டிரஸ்டி யார் என்று கேட்டார். நான் எழுந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் தேசம்மாள் ஓரடி முன்னால் போய்விட்டார்.

"நேனே சார். ஈ ஏடாதி நாதி. பாத ஏண்ட்லன்னி மா அன்னவி."

இந்த வருடம் என்னுடையது, பழைய வருடமெல்லாம் எங்கள் அண்ணனுடையது. சொல்லிவிட்டு மஞ்சள் துணியைப் பிரித்து நோட்டை மேசைமேல் வைத்தார். அந்த நோட்டை நான் ஆவணமாகக் கொடுப்பதாக இல்லை. கொடுத்தால் என் பழைய கிளையன்ட் மாட்டிக்கொள்வார். கொடுக்காவிட்டால் இந்த அம்மா தனியாக நிற்பார். அறைக்குள் அப்போது எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். இந்த நோட்டைப் பற்றி எனக்குத் தெரியாது என்றோ, இது வீட்டு வழக்கத்துக்கு எழுதியது, கணக்கு அல்ல என்றோ ஒரு வரி சொல்லித் தள்ளிவிட என்னால் முடிந்திருக்கும். அப்படிச் சொல்லத்தான் முப்பது வருடமாகப் பழகியிருந்தேன். சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

அதிகாரி மஞ்சள் கறை படிந்த பக்கங்களைப் புரட்டினார். பன்னிரண்டு வருடமும் 'சோறு போட்டது போக மீதி பெற்றுக்கொண்டேன்' என்று ஒரே கையெழுத்து. இது யாருடையது என்று கேட்டார். முனிரத்தினம் தூண் எதுவும் கிடைக்காமல் நடு அறையில் நின்றார். நெற்றி வியர்த்து நாமம் கரைந்திருந்தது. தங்கையைப் பார்த்தார். அந்த அம்மா நோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னுதுதான் சார்" என்றார். யாரும் கேட்காமலே, "அவளுக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்று சேர்த்துச் சொன்னார். முப்பத்தைந்து வருடத்தில் அந்த மாதிரி ஒரு வாக்கியத்தை அந்த மாதிரி அறைக்குள் நான் அதிகம் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்த வேலை. ஏற்கெனவே பிடித்த வரி கழிந்தது. மீதியைத் தவணையாகக் கட்ட ஒத்துக்கொண்டு, டிரஸ்ட் கணக்கையும் விடுவித்தார்கள். பழைய வருடங்களுக்கு எடுத்துக்கொண்ட மீதியிலிருந்து தானே டிரஸ்டுக்குக் கட்டுகிறேன் என்று முனிரத்தினம் எழுதிக் கொடுத்தார். சட்டத்தில் நான் தேடிக்கொண்டிருந்த இடத்தை அவர் கையெழுத்தே கொடுத்துவிட்டது. ஷெட் இரண்டு வருடம் தள்ளிப் போயிற்று. அவர் பணம் வந்து சேரும் வரை இரண்டு கடை வாடகை வரிக்குப் போக, ஒரு கடை வாடகை மட்டும் கட்டடச் செலவுக்கும் சோற்றுக்கும் என்று ஆயிற்று. தேசம்மாளின் தறியையும் கணக்கையும் யாரும் தொடவில்லை.

அந்தப் புரட்டாசியில் வழக்கமான சர்க்கரைப் பொங்கலும் வடையும் இல்லை. புளிசாதமும் தயிர்சாதமும்தான். பற்றாததற்குத் தேசம்மாள் தன் தறிக் கூலியிலிருந்து போட்டார். மூன்றாவது சனிக்கிழமை நானும் போயிருந்தேன். வெயிலில் நடந்து வந்தவர்கள் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் வைம்மா" என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார்கள். அந்த அம்மா இலை எடுக்கவில்லை. அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொள்ள யாரும் துணியவும் இல்லை.

கடைசிச் சனிக்கிழமைக்கு மறுநாள் இரண்டு வீட்டாரும் கூடினார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தேசம்மாள் உண்டியைத் திறந்ததும் காசைத் தொடவில்லை. முதலில் கடிதங்களை எடுத்தார். ஒவ்வொன்றாகப் பிரித்து, எல்லாருக்கும் கேட்கும்படி எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்து முடிக்க வெகு நேரம் ஆயிற்று. சின்னப் பிள்ளைகள் எல்லாம் எழுந்து வெளியே ஓடிவிட்டார்கள். பிறகு நோட்டில் தன் வரியை எழுதினார். மீதி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மஞ்சள் தடவி, சாவியையும் நோட்டையும் முனிரத்தினத்திடம் கொடுத்தார். அடுத்த வருடம் மூத்தவர் வீட்டு முறை.

உங்களுக்குப் பாடம் மாதிரி ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன். கட்டணம் கொடுப்பவர் யாராக இருந்தாலும் சரி, தாளில் எவர் பேரை ஏற்றுகிறீர்களோ அவர்தான் உங்கள் கிளையன்ட். ஏற்றுவதற்கு முன்னால் அவரிடம் முழுதாகச் சொல்லுங்கள். எடுப்பதற்கு முன்னாலும் கேளுங்கள். அவசரம் என்று யாராவது நான்கு நாளைக் காட்டினால், அதில் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்க முடியாத அவசரம் இந்தத் தொழிலில் இல்லை.

அன்று எல்லாரும் கிளம்புகிற நேரத்தில் வாட்ச்மேன் ஓர் உறையைக் கொண்டுவந்தார். முந்தின நாள் டிராவல்ஸ் கடையில் தபால்காரர் தவறிக் கொடுத்துவிட்டுப் போனதாம். குங்குமம் வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். முனிரத்தினம் அதை வாங்கினார், முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார், பழக்கத்தில் தங்கையிடம் நீட்டினார்.

தேசம்மாள் கையை நீட்டவில்லை.

"சாவி உன்னாண்ட வந்துடிச்சில்ல? இது உன் முறைண்ணா. நீயே பிரி."

முனிரத்தினம் என்னைப் பார்த்தார். நான் செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். உறை கிழிகிற சத்தம் கேட்டது. உள்ளே இருந்தது மாநகராட்சியின் தண்ணீர் வரித் தாள்தான், சின்னத் தொகை. அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, நின்றபடியே அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார்.